பின்னூட்டத் தடுப்பு

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு லைசின் புதுப்பெயர் இல்லை. மக்காச்சோளத்தில் இந்த அமினோ அமிலம் குறைவு. அதனால் தீவனத்தில் தனியாகச் சேர்க்கிறார்கள். சர்க்கரைக் கரைசலில் பாக்டீரியாவை வளர்த்து, நொதித்தல் மூலம் எடுப்பது அது. ஆனால் பாக்டீரியா சாதாரணமாகத் தன் தேவைக்கு மேல் லைசின் செய்யாது. அதன் கையைக் கட்டிப்போடுவதுதான் 'ஃபீட்பேக் இன்ஹிபிஷன்'.

ஃபீட்பேக் மின்னியலிலிருந்து வந்த சொல். கருவி வெளியே தருவதில் ஒரு பங்கு திரும்ப உள்ளே போவது. கோயில் கொடையில் மைக்கை ஸ்பீக்கர் அருகே கொண்டுபோனால் 'கீ...' என்று அலறுகிறதே, அது பெருக்கும் ஃபீட்பேக். உயிரணுவில் நடப்பது அடக்கும் வகை. ஈ.கோலை பாக்டீரியாவில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் சேர்ந்துவிட்டால், அதைப் படிப்படியாகச் செய்யும் வேதிவினைப் பாதையின் முதல் நொதியை (வினையை நடத்தும் புரதம், என்சைம்) அதுவே நிறுத்துகிறது என்று 1956-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் அம்பார்கர் காட்டினார்.

தமிழில் பின் + ஊட்டம், பின்னூட்டம். பொருத்தமான ஆக்கம்தான். என்ன, வலைப்பதிவுகளில் கமென்ட்டுக்கும் இதையே எழுதிப் பழகியதால், படித்ததும் யாரோ கருத்துச் சொன்னது போலத் தோன்றும்! அப்புறம், தடுப்பையும் (இன்ஹிபிஷன்) ஒடுக்கத்தையும் (ரெப்ரெஷன்) குழப்பக்கூடாது. இருக்கிற நொதியின் வேலையை உடனே நிறுத்துவது தடுப்பு. மரபணு அளவிலேயே நொதி உருவாகாமல் செய்வது ஒடுக்கம். அதற்கு நேரம் பிடிக்கும். இரண்டுக்கும் சேர்த்துப் பின்னூட்டக் கட்டுப்பாடு எனலாம்.

சரி, தொழிற்சாலை இதை எப்படி மீறுகிறது? கொரினிபாக்டீரியம் குளுட்டாமிக்கம் என்ற பாக்டீரியாவில், லைசின் பாதையின் தொடக்கத்தில் அஸ்பார்ட்டோகைனேஸ் நொதி நிற்கிறது. லைசினும் திரியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் சேர்ந்து குவிந்தால்தான் அது நன்றாக அடங்கும். ஜப்பானின் கியோவா ஹக்கோ நிறுவன ஆய்வாளர்கள் 1950-களின் இறுதியில் ஹோமோசெரின் செய்ய முடியாத ரகத்தைப் பிடித்தார்கள். ஹோமோசெரினிலிருந்துதான் திரியோனின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் உருவாகின்றன; அது இல்லாவிட்டால் இரண்டுமே கிடையாது. அவற்றை உயிர் வாழ்வதற்கு மட்டும் அளந்து கொடுத்தார்கள். திரியோனின் சேரவில்லை, லைசின் தனியாக நின்று நொதியை அடக்க முடியவில்லை, கரைசலில் லைசின் குவிந்தது.

பின்னால், எவ்வளவு லைசின் சேர்ந்தாலும் அடங்காத நொதியுள்ள ரகங்களும் வந்தன. 'பின்னூட்ட எதிர்ப்பு ரகம்' என்று எழுதினால் நோய் எதிர்ப்பு நினைவு வருகிறது. 'பின்னூட்டத்துக்கு மசியாத ரகம்' என்பதே என் தேர்வு.