மழைக்கால மலையேற்றம்: ரெயின்கோட்டுக்கு உள்ளே என்ன போடுகிறீர்கள்?

தென்மேற்குப் பருவமழையில் கர்நாடகத்தின் குதிரேமுக் மலை ஏறக் கிளம்புகிறவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, எந்த ரெயின்கோட் வாங்கலாம் என்பதைத்தான். உள்ளே என்ன போடுவது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் மலைமுகட்டில் ஒருவர் நடுங்கிப்போய் உட்கார்ந்தால், நாங்கள் முதலில் பார்ப்பது உடம்போடு ஒட்டியிருக்கும் துணியைத்தான். பெரும்பாலும் அது சொட்டச் சொட்ட நனைந்த பருத்தி பனியனாக இருக்கும். மேலே டிரை-ஃபிட் டி-ஷர்ட் போட்டிருந்தாலும், பழக்கத்தில் அடியில் பனியன் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு விலை கொடுத்து ரெயின்கோட் வாங்கினாலும் ஜூலை மாத மலையில் நீங்கள் நனையத்தான் போகிறீர்கள். வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகி வெளியேறுவது குறைந்துவிடும். கோட்டின் உள்பக்கத்திலேயே அது தண்ணீராகப் படியும். ஆகவே, நனைந்த பிறகு அந்தத் துணி எப்படி நடந்துகொள்ளும் என்பதை வைத்துத்தான் பேஸ் லேயரை, அதாவது உடம்போடு ஒட்டிப் போடும் உள்துணியை, தேர்வு செய்ய வேண்டும்.

தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். குதிரேமுக்கின் உயரம் ஏறத்தாழ 1,890 மீட்டர்; ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி வீதம் வெப்பம் குறையும். சோலைக்காட்டுக்குள் ஏறும்போது வியர்த்துக் கொட்டும். அதைத் தாண்டிப் புல்வெளிக்கு வந்ததும் காற்று நேராக அடிக்கும். அங்கே பத்து நிமிடம் நின்று போட்டோ எடுப்பதற்குள் உடம்பு சில்லிட்டுவிடும்.

பருத்தி இழை நீரைத் தனக்குள்ளேயே உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தோலோடு ஒட்டிக்கொள்ளும், நாள் முழுக்கக் காயாது. பாலியஸ்டர் இழை தன் எடையில் அரை சதவீதம்கூட உறிஞ்சாது. நூல்களுக்கு இடையில் தங்கும் நீரைப் பிழிந்து உதறினால், உடல் சூட்டிலேயே பெரும்பகுதி காய்ந்துவிடும். மெரினோ கம்பளி, எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கினாலும் தொட்டால் ஈரம் தெரியாது. நனைந்தும் ஓரளவு கதகதப்புத் தரும், மூன்று நாள் போட்டாலும் அவ்வளவாக நாறாது. ஆனால் பாலியஸ்டரைவிட மெதுவாகத்தான் காயும், விலையும் அதிகம், பை வார் உராயும் தோளில் சீக்கிரம் நைந்துபோகும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மெல்லிய பாலியஸ்டர், 100 முதல் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வரை, போதும் என்பதே எங்கள் கருத்து. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கால்பந்து ஜெர்சியே நன்றாக வேலை செய்யும். ஆகஸ்ட் மழையில் உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள், 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்க வேண்டியிருப்பதால், 150–200 ஜிஎஸ்எம் மெரினோவுக்குச் செலவு செய்யலாம்.

கடையில் ஏமாறுவது லேபிளைப் படிக்காததால்தான். ‘ஸ்போர்ட்ஸ்’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே 60 சதவீதம் பருத்தி இருக்கலாம். ‘மூங்கில் துணி’ என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ். அதுவும் பருத்தி போலவே நீரைக் குடிக்கும். குளிர் ஊர்களுக்கென்று விற்கும் தடித்த ‘தெர்மல்’ பலவற்றில் பருத்தி கலந்திருக்கும். ரயில் பயணத்துக்குச் சரி, மழையில் நடக்க உதவாது. அளவு, உடம்பைத் தொட்டபடி இருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. தொளதொளவென்று இருந்தால் வியர்வையை இழுக்காது. தோள்பட்டையில் தையல் மேடு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பை வாருக்கு அடியில் அதுதான் தோலை உரிக்கும். முழுக்கை நல்லது, முட்செடி கீறாது. துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம், அது இழைகளில் படிந்து ஈரம் பரவுவதைத் தடுக்கும்.

மேல்சட்டையை மாற்றிவிட்டு ஜட்டியை மறந்துவிடுகிறார்கள். நனைந்த பருத்தி ஜட்டியோடு ஐந்து மணி நேரம் நடந்தால் தொடையிடுக்கு புண்ணாகி, மறுநாள் கால்களை அகட்டித்தான் நடக்க முடியும். தொடைவரை நீண்ட நைலான் அல்லது பாலியஸ்டர் உள்ளாடை போட்டு, உராயும் இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பெண்கள் பேட் வைத்த பிராவைத் தவிர்ப்பது நல்லது. அந்தப் பஞ்சு கடைசிவரை காயாது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் சுமை. ஒன்று நடக்க, இன்னொன்று தூங்க. தூங்கும் செட்டை இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் கட்டி வையுங்கள், தங்குமிடம் சேரும்வரை பிரிக்காதீர்கள். காலையில் ஈரத்துணியையே மறுபடி போட்டுக்கொள்ள மனம் வராது. ஆனாலும் போட்டுத்தான் ஆக வேண்டும். நடக்கத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும். காய்ந்த செட்டில் கிளம்பினால் அன்றிரவு மாற்றிக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

இதற்கு ஒரே விலக்கு, ஒருவருக்குக் குளிர் ஏறிவிட்டால். நடுக்கம் நிற்காமல் தொடர்வது, ஜிப்பைப் போட விரல் வராமல் தடுமாறுவது, பேச்சு குழறுவது, கால் இடறுவது ஆகியவை உடலின் உள்வெப்பம் 35 டிகிரியை நோக்கி இறங்குவதன் அடையாளங்கள். உடனே காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத்துணி முழுவதையும் கழற்றி, தூங்கும் செட்டைப் போட்டுவிடுங்கள். அதன் மேல் ஃபிளீஸ் என்கிற கதகதப்பான மேல்சட்டை, அதற்கும் மேல் ரெயின்கோட், தலைக்குக் குல்லா. விழுங்க முடிகிறவராக இருந்தால் இனிப்பும் சூடான சர்க்கரைத் தண்ணீரும் கொடுங்கள். மது கூடாது, தோலுக்கு ரத்தத்தைத் திருப்பி இன்னும் சூட்டை இழக்கவைக்கும். உடம்பு குளிர்ந்தே இருக்க நடுக்கம் மட்டும் நின்றுவிட்டால் அது தேறியதன் அறிகுறி அல்ல; நடக்கவைக்காமல் படுக்கவைத்து, தூக்கிச் செல்ல ஆள் அனுப்புங்கள்.