பரிணாமத்துக்கு எதற்கு 'வளர்ச்சி'?

"இருண்ட குகைகளில் வாழும் இந்த மீன்கள், பரிணாம வளர்ச்சியின் காரணமாகத் தங்கள் கண்களை இழந்துவிட்டன."

போன வாரம் ஓர் இயற்கை ஆவணப்படத்தின் தமிழ்க் குரலில் இதைக் கேட்டேன். திரையில் மெக்சிகோவின் குகை மீன். வெளிறிய ரோஸ் நிறம்; கண் இருக்க வேண்டிய இடத்தைத் தோல் மூடியிருக்கிறது. இருந்த கண் இல்லாமல் போனதற்கு வளர்ச்சி என்று பெயரா? எழுதியவருக்கும் உறுத்தவில்லை, வாசித்தவருக்கும் உறுத்தவில்லை. 'பரிணாம வளர்ச்சி' என்பதை ஒரே சொல்லாக நாம் வாய்ப்பாடு போல ஒப்பித்துப் பழகிவிட்டோம். எத்தனையாவது முறை கேட்கிறேன் என்று கணக்கு வைக்கவில்லை, ஆனால் இந்த முறை எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

இதே உறுத்தல் சீனர்களுக்கும் உண்டு. சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருவர் சீனாவின் ஃபூஜோ ஊர்க்காரர். கொள்முதல் பிரிவில் இருக்கிறார். ஆங்கிலத்தை மெருகேற்றிக்கொள்ள ஒரு நோட்டு வைத்திருக்கிறார். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் சீனச் சொல். பரிணாமத்தைக் குறிக்கும் 'எவல்யூஷன்' என்பதற்கு எதிரே 'ஜின்ஹுவா' என்று எழுதியிருந்தார். ஒருநாள் ஒரு கருவியின் விவரத்தாளை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் 'ஹைட்ரஜன் எவல்யூஷன்' என்று இருந்தது. "ஹைட்ரஜன் எப்படி முன்னேறும்?" என்று கேட்டார். சிரிக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அவர் படித்த அகராதிப்படி அந்தக் கேள்வி நியாயமானது. 'ஜின்' என்றால் முன்னே செல்லுதல். 'ஹுவா' என்றால் மாறுதல். முன்னோக்கி மாறுவதுதான் ஜின்ஹுவா.

ஆங்கிலச் சொல்லில் இந்த 'முன்' எங்கேயும் இல்லை. லத்தீனில் 'எவொல்வெரே' என்றால் சுருட்டி வைத்ததை விரித்தல். சுருளேட்டை விரித்துப் படிப்பதற்குப் பழைய ரோமின் எழுத்தாளர் சிசரோ 'எவொலூஷியோ' என்ற சொல்லை ஆண்டார். அதே வேரிலிருந்து வந்ததுதான் புத்தகத் தொகுதியைக் குறிக்கும் 'வால்யூம்'. அதற்கும் முதற்பொருள் சுருள். இதைச் சொன்னதும் தோழியின் முகம் மலர்ந்துவிட்டது. சீனத்திலும் தொகுதிக்கு 'ஜுவான்', அதுவும் சுருள்தானாம். ஓலைகளை அடுக்கிக் கட்டிப் புரட்டிய நமக்குச் சட்டென்று பிடிபடாத உவமை அவருக்கு வீட்டுப் பொருள் மாதிரி இருந்தது.

விரிதல் என்ற அந்தப் பொருளிலிருந்துதான் மற்றவை எல்லாம் கிளைத்தன. கரைசலுக்குள் அடங்கியிருந்த வாயு வெளிப்படுவது எவல்யூஷன். படை அணி வகுத்து விரிவது எவல்யூஷன். கணிதத்தில் மூலம் காண்பதற்குக்கூட அந்தப் பெயர் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் கருவியலார், கருவுக்குள் ஏற்கெனவே முழு உருவமும் மடிந்து கிடக்கிறது, அது விரிவதே பிறப்பு என்று நம்பி, அதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். டார்வின் தயங்கியதில் வியப்பில்லை. 1859இல் வந்த அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' முதற்பதிப்பில் 'எவல்யூஷன்' என்ற சொல்லே கிடையாது. அதன் வினை வடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக வருகிறது. அவர் எழுதியது 'மாற்றத்தோடு கூடிய வழிவருதல்' என்றுதான். முன்னேற்றம் என்ற வாசனையை ஏற்றி இந்தச் சொல்லை ஊரெல்லாம் பரப்பியதில் ஆங்கிலேயத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சருக்குப் பெரிய பங்கு உண்டு.

சீனத்துக்கு இந்தக் கருத்தைக் கொண்டுசேர்த்தவர் யன் ஃபூ. தோழியின் ஊர்க்காரர், 'மூன்று வீதி ஏழு சந்து' என்று பெயர் பெற்ற ஃபூஜோவின் பழைய பகுதியில் அவர் வீடு இன்றும் இருக்கிறது. கடற்படைப் பள்ளியில் படித்து, 1877இல் இங்கிலாந்தின் கிரீனிச் போய் வந்தவர். 1895இல் சீனா ஜப்பானிடம் தோற்றுக் குன்றிப்போயிருந்த நேரத்தில், டார்வினுக்காக வாதாடிய ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியின் பரிணாமமும் அறமும் பற்றிய உரையைச் செவ்வியல் சீனத்தில் பெயர்த்தார். 1898இல் நூலாக வந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'தியன்யன் லுன்'. 'தியன்' வானம், இயற்கை. 'யன்' என்றால் விரித்தல், நிகழ்த்திக் காட்டுதல். லத்தீன் சுருளுக்கு எவ்வளவு பக்கத்தில் போய் நிற்கிறார் பாருங்கள்! முன்னேற்றமும் இல்லை, பின்னடைவும் இல்லை. இயற்கை தன்னை விரிக்கிறது, அவ்வளவுதான். அந்த நூலின் முன்குறிப்பில்தான் அவர் எழுதினார்: ஒரு பெயரை நிறுவப் பத்து நாள், ஒரு மாதம் என்று தயங்கி நின்றிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர்கள் மேசையில் ஒட்டி வைக்க வேண்டிய வரி இது.

நூல் சீன இளைஞர்களை உலுக்கிவிட்டது. 'தகுந்தது பிழைக்கும்' என்பதிலிருந்து 'தகுந்த' என்று பொருள்படும் 'ஷி'யை எடுத்துத் தன் பெயராக்கிக்கொண்டார் ஒரு மாணவர்; அவர்தான் பின்னாளில் பெரும் அறிஞரான ஹூ ஷி. ஆனால் யன் ஃபூ வடித்த சொல் நிலைக்கவில்லை. ஜப்பானியர் சீன எழுத்துகளைக் கொண்டு ஆக்கிய 'ஷின்கா' என்ற சொல், அங்கே படிக்கப் போன மாணவர்கள் வழியாகச் சீனத்துக்கு வந்து, 'ஜின்ஹுவா' என்ற உச்சரிப்போடு உட்கார்ந்துவிட்டது. முன்னேறத் துடித்த நாட்டுக்கு 'முன்' என்ற எழுத்து இனித்தது.

விளைவு என்ன? 'ஜின்ஹுவா' என்று ஒன்று இருந்தால் அதற்கு எதிராக 'துய்ஹுவா' என்று ஒன்று வேண்டும்: பின்னோக்கி மாறுதல். குகை மீனின் கண் போனது துய்ஹுவா. அப்படியானால் அது எவல்யூஷன் இல்லையா? நூற்றுக்கு நூறு எவல்யூஷன்தான். ஆற்றில் வாழும் அதே இன மீனுக்குக் கண் உண்டு. குகை மீனின் கருவிலும் கண் உருவாகத் தொடங்கிப் பிறகு சிதைகிறது. இருட்டில் கண்ணால் பயனில்லை. அதை வளர்த்துக் காப்பதற்கான செலவு மிச்சமாகிறது. ஹக்ஸ்லியே தன் நூலில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: வழக்கில் இந்தச் சொல் எளிமையிலிருந்து சிக்கலுக்குப் போவதைக் குறித்தாலும், சிக்கலிலிருந்து எளிமைக்குப் போவதும் இதில் அடக்கம் என்று. யன் ஃபூ பெயர்த்ததே அந்த நூலைத்தான். இன்று சீன அறிவியலாளர் பலர் அவருடைய 'யன்' எழுத்தை மீட்டெடுத்து 'யன்ஹுவா' என்று எழுதுகிறார்கள். விண்மீன்களின் பரிணாமத்துக்கு அதுதான் நிலைபெற்ற சொல். விண்மீன் எதை நோக்கி முன்னேறும்? ஆனால் உயர்நிலைப் பள்ளி உயிரியல் நூலின் தலைப்பில் இன்னும் 'ஜின்ஹுவா'தான் இருக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம்முடைய 'வளர்ச்சி' அவர்களுடைய 'ஜின்'னேதான். சொல்லில் மட்டும் நிற்கிற பிழை என்றால் விட்டுவிடலாம். "குரங்கிலிருந்து மனிதன் வளர்ந்தான் என்றால் மிச்சக் குரங்கெல்லாம் ஏன் இன்னும் வளரவில்லை?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கிறதே, அந்தக் கேள்வியை அந்தப் பிள்ளையின் வாயில் போட்டது யார்? வளர்ச்சி என்று நாம்தான் சொல்லிக் கொடுத்தோம். வளர்ச்சி என்றால் அதற்கு ஓர் உச்சி உண்டு, அந்த உச்சியில் மனிதன் நிற்கிறான், குரங்கு வளராமல் நின்றுபோன தம்பி. இந்தப் படம் மனதில் பதிந்தபின், குரங்கும் நாமும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த கிளைகள் என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாது.

மாற்றுச் சொற்கள் இல்லாமல் இல்லை. இலங்கைப் பாடநூல்கள் 'கூர்ப்பு' என்கின்றன. ஒற்றைச் சொல், தமிழ்ச் சொல், கூர்ப்புக் கொள்கை என்று அழகாகச் சேர்கிறது. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தொல்காப்பியம் என்ன சொல்கிறது? "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்." உரியியல் நூற்பா. உள்ளது மிகுவது கூர்ப்பு. அன்பு கூர்தல், நினைவு கூர்தல் எல்லாம் அந்த வழியில் வந்தவை. கண்ணில்லாத மீனில் எது கூர்ந்தது? இலங்கையில் தலைமுறைகளாகப் படித்தவர்களுக்குப் பழக்கத்தால் வேர்ப்பொருள் தேய்ந்து கலைச்சொல்லாக நின்றுவிட்டது. அவர்கள் அதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாக இந்தப் பக்கம் கொண்டுவந்தால் வளர்ச்சியை வாசலில் விரட்டி, கொல்லைப்புறமாக அழைத்த கதைதான்.

'படிமலர்ச்சி' என்று எழுதுவோரும் உண்டு. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். படியும் ஏறுவது, மலர்ச்சியும் ஏற்றம். ஒரு வளர்ச்சியே தாங்கவில்லை, இதில் இரண்டு. தூய தமிழாக இருப்பது மட்டும் ஒரு கலைச்சொல்லுக்குத் தகுதி ஆகாது; பொருளைப் பொய்யாக்காமல் இருக்க வேண்டும்.

'திரிபு' என்றால்? இலக்கணத்தில் நடுநிலையான சொல்தான். ஆனால் வழக்கில் பால் திரிந்துபோனால் கெட்டுப்போனது என்று பொருள். கூர்ப்பு மேலே சாய்கிறது, திரிபு கீழே சாய்கிறது.

'பரிணாமம்' எந்தப் பக்கமும் சாயவில்லை. வடசொல்தான், மறைக்கவில்லை. சாங்கியம் என்ற பழைய இந்தியத் தத்துவ மரபினர் இதற்குக் காட்டிய எடுத்துக்காட்டும் பால்தான்: பால் தயிராவது பரிணாமம். தயிர் வளர்ந்த பாலும் இல்லை, கெட்ட பாலும் இல்லை, வேறொன்று. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் நம் கையில் இருக்கும்போது, அதன் வாலில் வளர்ச்சியை எதற்குக் கட்டுகிறோம்? சொல் விளங்காதோ என்ற அச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன். விளங்கவைக்கப் போய்ப் பொருளைக் கெடுத்தோம். சொல்லும் விளங்கவில்லை என்பதற்குச் சாட்சி, 'பரிமாண வளர்ச்சி' என்று எழுதுகிற கூட்டம். பரிமாணம் நீள அகல உயரம், பரிணாமம் மாற்றம். அச்சில்கூட இந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன்.

எவல்யூஷன் வருகிற இடமெல்லாம் பரிணாமம் போடுவதும் கூடாது. 'நிலைமை பரிணமித்து வருகிறது' என்று செய்தியில் படித்தேன். நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது என்றால் தீர்ந்தது. வாயு வெளிப்படுகிறது. ஒருவருடைய கருத்து நாளடைவில் மாறி வந்தது. சீனர்கள் இதில் கவனமாக இருக்கிறார்கள்: வாயுவுக்குப் 'பிரிந்து வெளிவருதல்' என்ற பொருளில் வேறு எழுத்து, மொழியும் சூழலும் மாறுவதற்கு 'யன்பியன்'. தோழியிடம் 'ஹைட்ரஜன் வெளிப்படுதல்' என்று விளக்கியதும் அந்த வேறு எழுத்தை நோட்டில் உடனே எழுதிக்கொண்டார். நம்மவர்களோ ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று பூட்டிவிட்டு, சாவியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கொரோனா காலத்தில் கிருமியின் மரபணுவில் நேர்ந்த மாற்றத்துக்கு 'உருமாறிய கொரோனா' என்று எழுதினார்கள். புழு வண்ணத்துப்பூச்சி ஆவது அல்லவா உருமாற்றம்? தனி உயிர் ஒன்று தன் வாழ்நாளில் மாறுவது பரிணாமமும் ஆகாது. தலைமுறை தலைமுறையாக ஓர் இனம் மாறுவதுதான் பரிணாமம்.

தமிழில் இதற்கு என்ன என்று தோழி கேட்டார். அவர் நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி பிரித்துப் 'பரிணாமம்' என்று எழுதி, வழக்கத்தில் பக்கத்திலே சேரும் 'வளர்ச்சி'யையும் எழுதிக் காட்டினேன். இதில் 'ஜின்' எது என்று கேட்டார். இரண்டாவது சொல்லைத் தொட்டுக் காட்டினேன். அவர்களுக்கு அது சொல்லின் உள்ளேயே ஓர் எழுத்தாகப் பதிந்துவிட்டது. எடுத்தால் சொல்லே உடையும். நமக்கு அது வெளியே, ஓர் இடைவெளி விட்டு நிற்கிறது. அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி அதன்மேல் ஒரு கோடு போட்டார்.