களிம்பு முதலில், வெளிச்சம் அப்புறம்

தோலில் புற்றுநோயாலோ அதற்கு முந்தைய நிலையாலோ சிவந்து சொரசொரப்பாக இருக்கும் ஒரு திட்டின் மேல் களிம்பைத் தடவி, வெளிச்சம் படாமல் மூடிவிட்டு மூன்று மணி நேரம் காத்திருக்கிறார்கள். பிறகு அறையை இருட்டாக்கி, கட்டைப் பிரித்து, புற ஊதா விளக்கைக் காட்டினால் அந்தத் திட்டு மட்டும் செங்கல் நிறத்தில் ஒளிர்கிறது. சுற்றியுள்ள நல்ல தோல் மங்கிக் கிடக்கிறது. களிம்புக்கு அந்த நிறம் கிடையாது. ஒளிர்வது, கெட்டுப்போன செல்கள் தாங்களே தயாரித்துச் சேர்த்துவைத்த பொருள்.

களிம்பில் இருப்பது அமினோலெவுலினிக் அமிலம். நம் உடலுக்குப் புதிய சரக்கு இல்லை இது. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் இதிலிருந்துதான் படிப்படியாக உருவாகிறது. கடைசிக்கு முந்தைய படியில் கிடைப்பது புரோட்டோபோர்பிரின். அதனுள் இரும்பைப் பொருத்தி ஹீமாக முடித்துவைக்க ஃபெரோகீலேட்டேஸ் என்ற நொதி வேண்டும். பல புற்றுநோய்ச் செல்களில் இந்த நொதி மந்தமாக இருக்கிறது. அமிலத்தை வெளியிலிருந்து அள்ளிக் கொடுத்தால், வேலை கடைசிப் படியில் தேங்கி, செல் முழுக்கப் புரோட்டோபோர்பிரின் குவிந்துவிடுகிறது. புற்றுத் திட்டின் மேல்தோல் சிதைந்திருப்பதால் களிம்பும் அங்கே எளிதாக உள்ளே இறங்குகிறது.

இருட்டில் இந்தக் குவியல் யாரையும் ஒன்றும் செய்யாது. சுமார் 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு வெளிச்சம் பட்டதும் கதை மாறுகிறது. புரோட்டோபோர்பிரின் ஒளியின் ஆற்றலை வாங்கி, பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. சாதுவான ஆக்சிஜன் வெறிபிடித்த ஆக்சிஜனாக மாறி, செல்லின் சவ்வுகளையும் மைட்டோகாண்ட்ரியாவையும் கிழிக்கிறது. அதன் ஆயுள் மைக்ரோ விநாடிக் கணக்கில்தான். ஒரு செல்லின் அகலத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் அடங்கிவிடும். அதனால் எங்கே உருவானதோ அங்கேதான் அடி விழும், அண்டை செல் தப்பிக்கும். மருந்து, வெளிச்சம், ஆக்சிஜன் என்ற மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் எதுவும் நடக்காது. ஒளியியக்கச் சிகிச்சை என்பது இதுதான்.

மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர் 1900-இல் வெளியிட்ட ஆய்வில் இருந்து தொடங்கிய வழி இது. அக்ரிடின் சாயம் கலந்த நீரில் விட்ட பாரமீசியங்கள் என்ற ஒருசெல் உயிர்கள் வெளிச்சத்தில் சாவதையும் இருட்டில் பிழைப்பதையும் அவர் கண்டார். 1903-லேயே அவருடைய ஆசிரியர் டாப்பைனர், இயோசின் சாயத்தையும் ஒளியையும் சேர்த்துத் தோல் கட்டிகளில் முயன்று பார்த்துவிட்டார்.

சரி, இவ்வளவு துல்லியமான முறைக்குக் குறை என்ன? சிவப்பு ஒளி தோலுக்குள் சில மில்லிமீட்டர்தான் உருப்படியாக இறங்கும். இன்னொரு குறை, எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது: ஒரே திட்டுக்குள் எல்லாச் செல்லும் ஒரே அளவு புரோட்டோபோர்பிரினைச் சேர்ப்பதில்லை. குறைவாகச் சேர்த்த செல், விளக்கு அணைந்த பிறகும் உயிரோடிருக்கும். நோய் மறுபடி தலைதூக்குவது அங்கிருந்துதான்.

இந்த இடத்தில்தான் கீமோதெரபி கைகொடுக்கிறது. 5-ஃபுளோரோயுராசில் 1957-இல் அறிமுகமான பழைய மருந்து. டிஎன்ஏ கட்டுவதற்கு வேண்டிய ஒரு மூலப்பொருளைச் செல் தயாரிக்க முடியாமல் தடுப்பது அதன் வேலை. களிம்பாகவும் கிடைக்கிறது. தோலில் வரும் புற்றுக்கு முந்தைய திட்டுகளுக்கு வழக்கமாக 2 முதல் 4 வாரம் தடவச் சொல்வார்கள். தோல் சிவந்து, புண்ணாகி, பொருக்குத் தட்டும். பாதியில் விட்டுவிடுபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த எட்வர்ட் மேட்டின் குழு இதைக் குறுகிய காலத்துக்கு மட்டும், ஒளிக்கு முன்தயாரிப்பாகப் பயன்படுத்திப் பார்த்தது. 2018-இல் வெளியான அந்தச் சோதனையில் 17 நோயாளிகள். எல்லாருக்கும் புற்றுக்கு முந்தைய திட்டுகள். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் 6 நாள் 5-ஃபுளோரோயுராசில் தடவினார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே ஒளிச் சிகிச்சை. மருந்து தடவிய பக்கத்தில் புரோட்டோபோர்பிரின் 2 முதல் 3 மடங்கு சேர்ந்தது. மூன்று மாதம் கழித்து எண்ணியபோது, அந்தப் பக்கத்தில் 75 சதவீதத் திட்டுகள் மறைந்திருந்தன. மறுபக்கத்தில் 45 சதவீதம்.

இரண்டு அடி சேர்ந்து விழுந்ததால் பலன் கூடியது என்று மட்டும் இதைப் புரிந்துகொண்டால் போதாது. கீமோ மருந்து, ஹீம் தயாரிப்பின் படிகளிலேயே கை வைக்கிறது. புரோட்டோபோர்பிரினை உண்டாக்கும் நொதி ஒன்றைக் கூட்டுகிறது. அதைத் தீர்க்கும் ஃபெரோகீலேட்டேஸைக் குறைக்கிறது. வரவு கூடி, செலவு குறைந்தால் கையிருப்பு ஏறத்தானே செய்யும்! அடிபட்ட செல்லை மடியவைக்கும் பி53 என்ற புரதமும் கூடுகிறது. நொதிகளின் அளவு மாற நாள்கணக்கில் அவகாசம் தேவை. அதனால்தான் இந்த வரிசை: முதலில் கீமோ களிம்பு, பிறகு அமிலக் களிம்பு, கடைசியில் வெளிச்சம்.

வெளிச்சம் படும் நிமிடங்கள் சுகமாக இருக்காது. நெருப்புப் பொறி பட்டதுபோலச் சுரீரென்று எரியும் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மிச்சமிருக்கும் புரோட்டோபோர்பிரின் தீரும்வரை, ஓரிரு நாள், அந்த இடத்தில் வெயில் படக்கூடாது.

இவ்வளவும் தோலின் மேற்பரப்பை ஒட்டிய நோய்க்குத்தான். நிறமிச் செல்களில் தோன்றும் தோல் புற்றுநோயான மெலனோமா வேறு ரகம். அதன் கருநிறமி உள்ளே வரும் ஒளியைத் தானே விழுங்கிவிடும், நோயும் ஆழமாக இறங்கும். அதற்காக ஆய்வுக்கூடங்களில் இன்னொரு கூட்டணியைச் சோதிக்கிறார்கள். மிக நுண்ணிய தங்கக் குச்சிகளில் டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்தை ஏற்றிக் கட்டிக்குள் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். நிறமி இந்த ஒளியை அவ்வளவாக மறிப்பதில்லை. தங்கம் ஒளியை வாங்கிச் சூடாகிறது, சூட்டில் மருந்து கழன்று வெளியேறுகிறது, சூடுபட்ட செல்லின் சவ்வு இளகி மருந்தைத் தாராளமாக உள்ளே விடுகிறது. இந்த வேலையில் பெரும்பகுதி இன்னும் எலிகளில்தான் நடக்கிறது.