டயாலிசிஸ்ல இருக்குறவங்களுக்கு ஸ்டார் ஃப்ரூட் குடுக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்

ஜூன் மாசம் வந்துட்டா எனக்கும் கையும் காலும் ஓடாது. இங்க சிங்கப்பூர்ல தேக்கா மார்க்கெட் உள்ள நுழையும்போதே மாம்பழ வாசம், ராத்திரி ஆனா டுரியான் கடை வாசல்ல கூட்டம், ப்ளாக் கீழ தோட்டத்துல எதாவது ஒரு மரம் காச்சுத் தொங்கும். "நம்ம மரத்துல பழுத்தது"ன்னு பக்கத்து வீட்டு ஆன்ட்டி பையில போட்டுக் குடுக்குறப்ப வர்ற சந்தோஷம் கடையில வாங்குற பழத்துல கிடையாது. அதனால பழமே சாப்பிடாதீங்கன்னு சொல்ல நான் வரல.

16 வருஷமா டயாலிசிஸ் நர்ஸா இருக்கேன். போன வாரம், எப்பவும் வர்ற ஐயா ஒருத்தர் விக்கிக்கிட்டே வந்தாரு. முந்தின நாள்லேர்ந்தே விக்கலாம், வீட்டுல "யாரோ நெனைக்கிறாங்க"ன்னு சக்கரை குடுத்து, செம்பு செம்பா தண்ணி குடுத்து (தண்ணிக்கு அளவு போட்டிருக்குற மனுஷனுக்கு!) பாத்திருக்காங்க. கொஞ்ச நேரத்துல பேச்சு குழறுது, கூட வந்த மகளையே யாருன்னு கேக்குறாரு. வித்தியாசமா எதாவது சாப்பிட்டாரான்னு கேட்டா இல்லவே இல்லைங்குறாங்க. மூணாவது தடவ கேட்டப்புறம்தான், "கீழ தோட்டத்துல பறிச்ச ஸ்டார் ஃப்ரூட், ரெண்டே ரெண்டு, உப்பு தொட்டு சாப்பிட்டாரு சிஸ்டர்"னு வருது. அடுத்தடுத்து டயாலிசிஸ் பண்ணி ஆள மீட்டுட்டாங்க. மீளாதவங்களையும் நான் பாத்திருக்கேன்.

அந்த மகள் அழுதுக்கிட்டே சொன்னது, "மருந்தே அடிக்கல சிஸ்டர், பூச்சி வராம ஒவ்வொரு பழத்துக்கும் நானே பை கட்டி வளத்தேன்." இதத்தான் எல்லாரும் சொல்றாங்க, எனக்கு ஆத்தாமையா இருக்கு. அம்மா, விஷம் வெளியிலேர்ந்து வரல, மருந்து அடிச்சாலும் அடிக்காட்டாலும் அது அந்தப் பழத்துக்குள்ளேயே இருக்கு, கழுவினாலும் போகாது, தோல் சீவினாலும் போகாது, இனிப்பு ரகமா இருந்தாலும் இருக்கு. கேரம்பாக்சின் அதோட பேரு, 2013ல பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் பிரிச்சுக் காட்டினாங்க. நல்ல கிட்னி அத வெளிய தள்ளிடும், பழுதான கிட்னியால முடியாது, நேரா மூளைக்குப் போகுது. விக்கல், வாந்தி, குழப்பம், அப்புறம் வலிப்பு. அரைப் பழம் போதும்.

இன்னொரு கூட்டம் பொட்டாசியம் (கிட்னி பழுதானா உடம்புல தங்கிடுற உப்புச் சத்து) கணக்கு பாக்குது. 100 கிராம் டுரியான்ல 430 மில்லிகிராமுக்கு மேல பொட்டாசியம், ஸ்டார் ஃப்ரூட்ல 130 சொச்சம்தான், அப்ப இதான் நல்லதுன்னு முடிவு பண்ணிடுறாங்க. டுரியான் ஆபத்து வேற, இது வேற. பொட்டாசியம் கம்மியா இருக்குறதாலயே நெறைய பேர் ஏமாந்து போறாங்க.

கிட்னி நல்லா இருக்குறவங்க ரெண்டு துண்டு தாராளமா சாப்பிடுங்க, ஆனா வெறும் வயித்துல ஜூஸா அடிச்சு டம்ளர் டம்ளரா குடிக்காதீங்க, அதுல ஆக்சலேட்னு ஒரு பொருள் அதிகம், நல்ல கிட்னியையும் அது கெடுக்கும். பிலிம்பியும் (இதே இனத்துப் புளிப்புக் காய்) அப்படித்தான், கொழுப்பு குறையும்னு ஜூஸ் குடிச்சு கேரளாவுல கிட்னி கெட்டுப்போனவங்க இருக்காங்க. சக்கரை வியாதி, பிரஷர் இருக்குறவங்க வருஷா வருஷம் பாலிகிளினிக்ல கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியேட்டினின், யூரின் புரோட்டீன் டெஸ்ட் பாத்துடுங்க. கிட்னி பாதி போனப்புறமும் உடம்பு ஒண்ணுமே காட்டாது.

மரம் வெச்சிருக்குறவங்க, பை நிறைய அள்ளிக் குடுக்குறதுக்கு முன்னாடி வீட்டுல கிட்னி பிரச்சனை யாருக்காவது இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க. டயாலிசிஸ்ல இருக்குற அப்பாவுக்கு சீசன்ல ஆசையா இருந்தா ரெண்டு மங்குஸ்தானோ ரம்புத்தானோ குடுக்கலாமான்னு டயட்டீஷியன்கிட்ட கேளுங்க, பெரும்பாலும் அளவு சொல்லிக் குடுப்பாங்க.

தெரியாம சாப்பிட்டுட்டாங்களா, விக்கல் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. குழப்பமோ வலிப்போ வந்துட்டா ஆம்புலன்ஸுக்கு 995. வீட்டுல வயித்து வழியா டயாலிசிஸ் பண்றவங்க அதையே கூட ரெண்டு தடவ பண்ணிக்கலாம்னு நெனைக்காதீங்க, இதுக்கு அது பத்தாது. சிஸ்டர் திட்டுவாங்கன்னு தயவுசெஞ்சு மறைக்காதீங்க. எந்தப் பழம், எத்தன துண்டு, எத்தன மணிக்கு, அத மட்டும் முதல்ல சொல்லிடுங்க.