யாரால்?

"உங்கள் தகவல்கள் பாதுகாப்பாகக் கையாளப்படுகின்றன." இந்த ஒரு வரியை எத்தனை கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. மொரீஷியஸில், ரோஸ் ஹில்லிலும் போர்ட் லூயிஸிலும் சிறு அலுவலகங்களுக்குத் தரவுப் பாதுகாப்பு வேலை பார்ப்பவன் நான். தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின் இந்த வரிக்கு ஏக கிராக்கி. அப்படி எழுதிக் கொடுத்த ஓர் அலுவலகத்துக்கு அடுத்த வாரமே போக வேண்டி வந்தது. வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை நகல்கள் அத்தனையும் வரவேற்பு மேசைக் கணினியில், கடவுச்சொல்கூட இல்லாத ஒரு ஃபோல்டரில் கிடந்தன.

சின்ன வயதில் மாலை வகுப்பில் எங்கள் தமிழ் வாத்தியார் 'மரம் வெட்டப்பட்டது' என்று எழுதினால் விடமாட்டார். "யாரால்?" என்பார். வீட்டில் இந்நாட்டுப் பேச்சுமொழியான கிரியோல் பேசி வளர்ந்த எங்களுக்கு அந்த 'ஆல்' பெரிய தொல்லை. இப்போது அரசு அறிக்கை எதைப் படித்தாலும் அவர் குரல்தான் கேட்கிறது.

2013இல் புதிய அடையாள அட்டை வந்தபோது எல்லோரும் வரிசையில் நின்று கைரேகை கொடுத்தோம். பாதுகாப்பானது என்றார்கள். ரேகை எடுப்பது ஒன்று, அதை மத்தியத் தரவுத்தளத்தில் வைத்திருப்பது இன்னொன்று. எவ்வளவு காலம், யார் கண்ணில் படும் என்பதெல்லாம் அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தது: ரேகை எடுக்கலாம், ஆனால் போதிய காப்பு இல்லாமல் சேமித்து வைப்பது அரசியலமைப்புக்கு ஒவ்வாது. அதன்பின் ரேகை அட்டையில் மட்டும் இருந்தது. வழக்கு ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனது. அட்டையில் உள்ள ரேகையை எப்படிக் காக்கிறீர்கள் என்பதற்கு அரசு போதிய விவரம் தராததால், தனியுரிமை மீறப்பட்டதாக 2021இல் அந்தக் குழு முடிவு சொன்னது. 'பாதுகாப்பானது' என்று சொன்னவர்கள் எப்படி என்று மட்டும் சொல்லவில்லை.

அதே 2021 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. கிரியோலில் வரும் மோசமான பதிவுகளை ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்கள் சரியாகக் கவனிப்பதில்லை என்பது அவர்கள் குறை. குறை நியாயமானதே. மருந்துதான் பயங்கரம். நாட்டின் சமூக ஊடகப் போக்குவரத்து முழுவதையும் ஒரு இடைச் சர்வர் வழியாகத் திருப்பி, பிறர் படிக்க முடியாதபடி போட்டிருக்கும் மறையாக்கப் பூட்டைத் திறந்து பார்த்து, பிரதி எடுத்து வைத்து, மறுபடி பூட்டி அனுப்புவதாம். தபால்காரர் கவரைப் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டித் தருவது போல. பிரித்தால் மோசமான பதிவு மட்டுமா தெரியும்? கணவன் மனைவி பேசியதும் தெரியும், நீங்கள் உள்ளே நுழையத் தட்டும் கடவுச்சொல்லும் தெரியும். மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறைக்கு யாராவது எல்லார் வீட்டுச் சாவியையும் கேட்பார்களா? கூகுளும் மொசில்லாவும்கூட எதிர்த்தன. திட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

2024 தேர்தலுக்குச் சில நாள் முன்பு, ஒட்டுக்கேட்ட தொலைபேசி உரையாடல்கள் கசிந்ததும் சமூக ஊடகங்களையே மூடச் சொன்னார்கள். நவம்பர் 11 வரை என்றது உத்தரவு, மறுநாளே திரும்பப் பெற்றார்கள். இதைப் பற்றி எழுத வேண்டியதில்லை, எல்லோரும் பார்த்ததுதான்.

இதையெல்லாம் போன மாதம் கோவிலில் கணக்குப் பார்க்கும் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "அரசாங்கமே சொன்னப்புறம் நாம என்ன தம்பி கேக்கறது?" என்றார். சொல்லிக்கொண்டே தைப்பூசக் காவடி எடுப்பவர்களுக்கான பதிவுத் தாளை நீட்டினார். பெயர், முகவரி, நோய் விவரம், அடையாள அட்டை நகல். கீழே பொடி எழுத்தில்: 'விவரங்கள் பாதுகாக்கப்படும்.'

"யாரால் அக்கா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு எழுதினார்: 'விவரங்களைச் செயலாளர் தன் பீரோவில் வைத்திருப்பார். காவடி முடிந்த மறுவாரம் கிழித்துப் போடுவார்.' அடையாள அட்டை நகல் எதற்கு என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அதையும் அடித்துவிட்டார்.

செயலாளருக்குத்தான் என்மேல் கொஞ்சம் கோபம்.