காயர்: கயிறா, நாரா, தும்பா?

பாளையங்கோட்டையில் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகனுக்கு ஒரு வீட்டுப்பாடம். சி, ஓ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் ஆங்கிலக் குட்டிச் சொற்கள் பத்து எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுத வேண்டும். கவ், கோல்ட், காயின் என்று ஊரே எழுதுவதை எழுதிவிட்டு, பத்தாவதாகக் காயர் என்று போட்டிருக்கிறான். அவன் அப்பாவுக்குக் கடையம் பக்கம் தென்னந்தோப்பு உண்டு, அதனால் தெரிந்த சொல். பொருள்: கயிறு. நோட்டு திரும்பி வந்தபோது கயிறை அடித்து, சிவப்பு மையில் 'நார்' என்று இருந்தது.

"மாமா, காயர்னா கயிறுதான? அப்பா அப்பிடித்தான சொல்லுவாவ?"

பயலும் சரி, திருத்தியவரும் சரி. வேடிக்கை அதில்தான் இருக்கிறது.

மலையாளத்தில் கயர் என்றால் கயிறு. நம் கயிறும் அதுவும் ஒரே வேரில் வந்தவை. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மலையாளக் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் அதைக் 'கைரோ' என்று வாயில் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு அது தேவையும்கூட. தேங்காய் மட்டையில் திரித்த கயிறு உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் சட்டென்று இற்றுப்போகாது. அரபிக்கடலில் அதற்கு முன்பிருந்தே ஆணி அடிக்காமல், பலகையோடு பலகை வைத்துத் தேங்காய்க் கயிற்றால் தைத்த கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது சொல் இன்னும் சுருங்கி நாலே எழுத்தானது. பொருளும் நழுவியது. கயிற்றின் பெயர், கயிறு திரிக்கும் நாரின் பெயராகிவிட்டது. இன்றைக்கு ஆங்கில அகராதியைத் திறந்தால் காயர் என்பது தேங்காய் மட்டையின் நார். கயிறு வேண்டுமென்றால் 'காயர் ரோப்' என்று கேட்க வேண்டும். அதாவது, 'கயிற்றுக் கயிறு'.

அப்படியானால் நார் என்று எழுதினால் போதுமா? மற்ற ஊரில் போதும். நம் பக்கத்தில் இடிக்கும். திருநெல்வேலிச் சீமையில் வெறுமனே நார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பனைநார். பனைமட்டையில் கிழித்த நாரைத் தண்ணீரில் ஊறவைத்துப் பின்னுவதுதான் நார்க்கட்டில், நார்ப்பெட்டி. எங்கள் வீட்டு முன்கூடத்தில் கிடப்பதும் ஒரு நார்க்கட்டில். நடுவில் கொஞ்சம் தொய்ந்து, ஓரத்தில் நார் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். அதில் கால் நீட்டிக் கிடந்த அம்மாதான், அதாவது பயலின் ஆச்சிதான், வழக்கைத் தீர்த்து வைத்தாள்.

"ஏல, தும்புல்லா அது. தும்புன்னு எழுதுல."

தும்பு! நெல்லையிலும் குமரியிலும் இலங்கையிலும் பேச்சில் இன்னும் சாகாத சொல். தேங்காய் மட்டையை அடித்து எடுப்பது தென்னந்தும்பு, பனையிலிருந்து எடுப்பது பனந்தும்பு. காயருக்குச் சரியான தமிழ் கேட்டால் நான் தென்னந்தும்பு என்றே சொல்வேன். இதிலும் ஒரு சுவை உண்டு. 'தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை' என்கிறோமே, அந்தத் தும்பு நார் இல்லை, மாட்டின் கழுத்தில் கட்டும் கயிறு. ஆக, ஒரே சொல்லில் நாரையும் கயிற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டது நாமும்தான். ஆங்கிலேயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

கட்டில் என்றதும் நினைவுக்கு வருவது காட். இதுவும் சி, ஓ பட்டியல்தான், மூன்றே எழுத்து. கட்டிலிலிருந்து நேரே போனது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அவ்வளவு நேர்வழி இல்லை. ஆங்கிலேயர் எடுத்தது இந்தியின் 'காட்' என்ற சொல்லை. அதற்கு முந்தியது சமஸ்கிருதத்தின் கட்வா. அந்தக் கட்வாவே திராவிட மொழியிலிருந்து போயிருக்கலாம், கட்டிலோடு உறவு உண்டு என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். கட்டுவது கட்டில், அவ்வளவுதான். இதே மூன்று எழுத்தில் குடிசை என்ற பொருளிலும் ஆங்கிலத்தில் ஒரு பழஞ்சொல் உண்டு. அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கொப்பரை கதை சின்னது. மலையாளத்திலிருந்து போர்த்துக்கீசியம், அங்கிருந்து ஆங்கிலம், அங்கே கோப்ரா. நல்ல பாம்புக்கும் அவர்கள் கிட்டத்தட்ட இதே ஓசையில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், ஒரு எழுத்துதான் வேறு. சந்தைக்குப் போகிறவர்கள் உச்சரிப்பில் கவனமாக இருப்பது நல்லது.

கஞ்சி கொஞ்சம் நின்று பேச வேண்டிய சொல். ஆங்கிலேயர் அதைக் காஞ்சி என்பதுபோல் உச்சரித்து, சி, ஓ, என் என்று தொடங்கி எழுதினார்கள். போர்த்துக்கீசியர் அதைத் தங்கள் ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள். அங்கே இன்றும் கோழியும் அரிசியும் போட்ட சூப்புக்குக் 'கஞ்ஜா' என்றுதான் பெயர். (போதைப்பொருள் இல்லை, பயப்பட வேண்டாம்.) வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சிப்பாயை அடைத்து வைக்கும் அறைக்குக் 'காஞ்சி ஹவுஸ்' என்று பெயர், உள்ளே கிடைக்கும் சாப்பாட்டை வைத்து. நம் ஊரில் கஞ்சித் தொட்டி என்றால் பஞ்ச காலத்தில் பசியாற்றிய இடம், அவர்களுக்கோ கஞ்சி வீடு தண்டனை. உளுந்தங்கஞ்சியைத் தேங்காய்ப்பால் விட்டுக் குடித்திருந்தால் அப்படிப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். நோன்பு மாதத்தில் மேலப்பாளையத்தில் மாலை நேரம் தூக்குவாளியோடு நிற்பவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

கூலி மட்டும் கசப்பு. நமக்கு அது உழைப்புக்குக் கிடைப்பது. 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று குறளே மதிப்போடு சொல்லும் சொல். ஆங்கிலத்தில் அது ஆளின் பெயரானது, பிறகு வசையானது. குஜராத்துப் பக்கத்துக் கோலி என்ற குலப்பெயரிலிருந்து வந்தது என்றும் சொல்வதுண்டு. இரண்டும் கலந்தும் இருக்கலாம். எப்படியானாலும் கடல் கடந்து தோட்டங்களுக்குப் போன நம் ஆட்கள் அந்தப் பெயரைத்தான் சுமந்தார்கள். தமிழில் எழுதும்போதாவது ஆளுக்குக் கூலித் தொழிலாளி என்றும், கூலிக்குக் கூலி என்றும் பிரித்து எழுதலாம்.

இவ்வளவையும் கேட்ட பயல் உற்சாகமாகிவிட்டான். "அப்பம் கார்டும் கயிறுதான் மாமா? கூல்னா குளிர்?" என்று ஆரம்பித்தான். இதைத்தான் நம் ஊரில் கயிறு திரிப்பது என்பார்கள். சி, ஓ, ஆர், டி என்று எழுதும் கார்டு கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியே வந்தது, அதன் மூலப்பொருள் குடல், குடலில் முறுக்கிய நரம்பு. கூல் ஆங்கிலத்தின் பழைய சொந்தச் சொல், கோல்டின் தாயாதி. காயினுக்கும் காசுக்கும்கூடச் சம்பந்தமில்லை. ஓசை ஒத்தால் உறவு என்று முடிவுகட்டக் கூடாது. சொல் எந்தத் துறைமுகத்தில் ஏறியது, யார் வாயில் மாறியது என்று காட்ட முடிந்தால்தான் உறவு. திராவிட மொழிகளுக்கு 1856-இல் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி இங்கிருந்து கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் நம் மாவட்டம்தான். அந்த மண்ணில் இருந்துகொண்டு கயிறு திரித்தால் எப்படி?

சரி, தும்புக்கு வருவோம். போன வாரம் பூச்செடி விற்கும் கடையில் செங்கல்போல் அழுத்திய ஒரு கட்டியைக் காட்டி 'கோகோ பீட்' என்றார் கடைக்காரர். தண்ணீரில் போட்டால் பொதபொதவென்று ஊதி வாளியை நிறைக்கிறது. பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்பு நிலத்தில் பாசி மக்கி உண்டாவது, தேங்காய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தும்பு எடுத்தபின் மட்டையிலிருந்து உதிரும் இந்தத் தூளை மலையாளத்தில் சகிரிச்சோறு என்கிறார்கள். அப்படியானால் நாம் தும்புச்சோறு என்று சொல்லலாமே என்று கடைக்காரரிடம் சொன்னேன். "சோறுன்னா எவன் சார் காசு குடுத்து வாங்குவான்?" என்று கேட்டுவிட்டுக் கட்டியைப் பையில் போட்டார்.

பயல் நோட்டில் தும்பு என்றே எழுதிக்கொண்டு போனான். நோட்டு இன்னும் திரும்பி வரவில்லை.