லே நகரின் பச்சையை நம்பி மேலே ஏறாதீர்கள்

ஜூலை நடுவில், ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாக, உயரமான இடத்துக்கு விரைந்து ஏறுவதால் வரும் மலைநோயில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்ட ஒருவரை விடியற்காலையில் பார்த்த பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். வயது முப்பத்தெட்டு, அரை மாரத்தான் ஓடுகிறவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கிடையாது. லடாக்கின் பாங்காங் ஏரிக்கரைக் கூடாரத்திலிருந்து இரவோடு இரவாகச் சாங் லா கணவாயைத் தாண்டி லே நகருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நகக்கண்கள் நீலம் பாரித்திருந்தன. படுத்தால் மூச்சு முட்டியதால் சுவரில் சாய்ந்தபடியே இருந்தார். வலது அக்குளுக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது ஈரமான நொறுநொறுப்புக் கேட்டது. அவர் மனைவியின் கையில் கற்பூரம் முடிந்த கைக்குட்டை ஒன்று இருந்தது. மலைப்பாதை முழுவதும் அதைத்தான் கணவரின் மூக்கருகே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அவர் பிழைத்துக்கொண்டார். பயண விவரம் கேட்டபோதுதான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. காலை விமானத்தில் லே வந்து இறங்கிய அன்று மாலையே சாந்தி ஸ்தூபியின் படிகளை ஏறியிருக்கிறார். அன்றிரவு தலைவலி, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மறுநாள் கர்துங் லா கணவாய் வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு, அதற்கு மறுநாள் பாங்காங். தலைவலி வந்த அன்றே ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். “இது கோடைதானே டாக்டர், மரமெல்லாம் துளிர்த்திருக்கிறது, இப்போது ஆக்சிஜன் நிறைய இருக்கும் என்று சொன்னார்கள்” என்றார் மனைவி.

இதே சொற்களை இந்தப் பருவத்தில் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். லடாக் மரமில்லாத பாலை, அதனால் அங்கே ஆக்சிஜன் இல்லை, கோடையில் பாப்லரும் வில்லோவும் இலைவிட்டதும் அது வந்துவிடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். மரம் ஆக்சிஜன் தருகிறது என்ற பள்ளிப் பாடம் இங்கே தவறான இடத்தில் பொருத்தப்படுகிறது. ஜெய்சல்மரின் மணல்மேடுகளில் மரம் ஏது? அங்கே போய் வந்த யாருக்காவது இந்த நோய் வந்ததுண்டா? கடற்கரையிலும் கர்துங் லா உச்சியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஒன்றேதான், சுமார் 21 விழுக்காடு. குறைவது காற்றழுத்தம். 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 5,300 மீட்டரைத் தாண்டிய கர்துங் லாவில் ஏறத்தாழப் பாதி. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. லே பள்ளத்தாக்கு முழுவதையும் காடாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. கோடையில் இங்கே காற்றழுத்தம் சற்றே கூடுவது உண்மை; ஆனால் அது வெப்பத்தால் நேர்வது, இலைகளால் அல்ல; அந்தச் சிறு வேறுபாட்டை நம்பி ஒருவரும் மேலே ஏற முடியாது.

கற்பூரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது மூக்கின் நரம்புகளுக்குக் குளிர்ச்சியான உணர்வைத் தருகிறது, அவ்வளவுதான். ரத்தத்தில் ஆக்சிஜனைக் கூட்டுவதில்லை. குழந்தைகள் அதை விழுங்கிவிட்டால் வலிப்பு வரும். தயவுசெய்து பயணப் பையில் வைக்காதீர்கள்.

உடல் வலு காப்பாற்றும் என்ற எண்ணமும் தவறு. 1962 போரை ஒட்டி இமயத்தின் உயரங்களுக்கு விரைந்து அனுப்பப்பட்ட நம் வீரர்களில் 1,925 பேருக்கு வந்த மலைநோயை இந்திய ராணுவ மருத்துவர்கள் 1969இல் பதிவுசெய்தார்கள். அவர்களைவிட உடல் வலு நம்மில் எத்தனை பேருக்கு இருக்கும்?

குளிர்காலத்தில் வருகிறவர்கள் பயந்து, மெதுவாக நடக்கிறார்கள். கோடையில் வெயில் இதமாக இருக்கிறது, எல்லாக் கணவாய்களும் திறந்திருக்கின்றன, விடுப்போ ஐந்தே நாள். நுப்ரா லேயைவிடத் தாழ்வானது. அங்கே இரண்டாம் இரவு நன்றாகத் தூங்கியதும் உடல் பழகிவிட்டது என்று நினைக்கிறார்கள். மறுநாள் பாங்காங்கில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்த இடத்தில் படுக்கிறார்கள். அங்கே நோய் முற்றினால் லே வருவதற்கு முதலில் 5,300 மீட்டருக்கு மேலுள்ள சாங் லாவை ஏறியாக வேண்டும் என்பதைப் பயணத் திட்டம் போடுகிறவர்கள் சொல்வதில்லை. மூச்சுத் திணறும் ஒருவரை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோய்த்தான் லேயில் இறக்க முடியும்!

விமானத்தில் வந்தால் லேயில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. பாங்காங்கில் தங்குவதற்கு முன் லேயிலோ நுப்ராவிலோ குறைந்தது நான்கு இரவுகள் கழித்திருக்க வேண்டும். விடுப்பு போதாதென்றால் பாங்காங்கை விட்டுவிடுங்கள், ஏரி எங்கும் போய்விடாது. மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டவே வேண்டாம். நாளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் குடித்தால் நோய் வராது என்பதும் பொய். அளவுமீறிக் குடித்து ரத்தத்தில் உப்பு குறைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மலைநோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரையை ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து 125 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை எடுப்பது வழக்கம். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. விரல்நுனி சுருக்கென்று குத்தினால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் குணம். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். இங்கே புதிதாக வந்தவருக்கு 88 காட்டுவது சாதாரணம், 92 காட்டிவிட்டதால் தலைவலியோடு மேலே ஏறலாம் என்றும் ஆகாது.

தலைவலியோடு குமட்டலோ களைப்போ இருந்தால் அங்கேயே நில்லுங்கள். குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டிவைத்து நேர்க்கோட்டில் நடக்க முடியவில்லை என்றாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் கூடிக்கொண்டே போனாலோ, நள்ளிரவானாலும் ஆக்சிஜனோடு இறக்கிவிட வேண்டும். கையில் பிடிக்கும் ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். வண்டியில் சிலிண்டர் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் ஓட்டுநர்கள் இந்த முகங்களை ஆண்டுதோறும் பார்ப்பவர்கள். அந்த அரை மாரத்தான் வீரரிடம், நுப்ராவிலிருந்து கிளம்பும்போதே, “இன்று ஏரிக்குப் போக வேண்டாம் சார், உங்கள் முகம் சரியில்லை” என்று அவருடைய ஓட்டுநர் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். கூடாரத்துக்குக் கட்டிய முன்பணம் வீணாகிவிடுமே என்று இவர்தான் கேட்கவில்லை.